கருவாடும் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சமும்

போன குளிர்காலத்தில் ஜோங்ரே கண்ணை மூடினாள். ஆஸ்பத்திரியின் துக்க மண்டபத்தில் எங்கள் பழைய பட்டறை ஆட்கள் வட்டமாக உட்கார்ந்து காரமான மாட்டிறைச்சி சூப்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். சோஜு சாராயம் ஒரு சுற்றுப் போனதும் ஒருவனுக்கு நாக்கு நீண்டுவிட்டது. பெற்ற மகளின் கையைத் தின்ற மனுஷனோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினாளே, ஜோங்ரே மாதிரி பொறுமைசாலி உண்டா என்று கேட்டான். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அந்த மனுஷன் மான்சு, கூப்பிடு தூரத்தில்தான், கையில் துக்கப் பட்டை கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் குனிந்து வணங்கிக்கொண்டிருந்தான். அவன் காதில் கட்டாயம் விழுந்திருக்கும். எனக்கு வந்த ஆத்திரத்தில் பேசினவன் தலையில் சூப்புக் கிண்ணத்தைக் கவிழ்த்திருப்பேன். செத்தவள் என் சிநேகிதி என்பதால் அடக்கிக்கொண்டேன்.

மகள் யுன்மியைத் தனியே அழைத்துப்போய், இனிமேலாவது சொல்லலாமா என்று கேட்டேன். அவள் அம்மாவின் படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"இனி அம்மாவுக்குக் கேக்காது. சொல்லுங்க பெரியம்மா," என்றாள்.

அதனால்தான் சொல்கிறேன். நான் படித்தவள் இல்லை. இஞ்சோன் நகரத்து நாம்தோங் தொழிற்பேட்டையில், சிம் முதலாளியின் பட்டறையில், கார் கதவுக்கு உள்ளே போகும் தகடுகளை பிரஸ் மிஷினில் அழுத்தித் தள்ளியே என் இளமை கழிந்தது. எனக்கு இரண்டாவது மிஷின். மூன்றாவது மிஷினில் ஜோங்ரே. மான்சு பட்டறையின் எலக்ட்ரீஷியன். எல்லாம் என் கண்ணெதிரே நடந்தது.

பியோ மான்சு கிழக்கே மலைப்பக்கத்து நிலக்கரி ஊரில் பிறந்தவன். அப்பாவும் அண்ணனும் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். அண்ணன் வேலை செய்த சுரங்கத்தில் விஷவாயுவைக் கண்டுபிடிக்கிற பெட்டி ஒன்று இருந்ததாம். உள்ளே மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று எப்போதும் சூடாக இருக்கும். காற்றோடு வாயு கலந்து வந்தால் அது அந்தக் கம்பியின் மேலேயே எரியும், கம்பி இன்னும் சூடாகும், சூடானால் அதில் ஓடும் மின்சாரம் மாறும், உடனே மணி அடிக்கும். அவ்வளவுதான் சூட்சுமம். கொஞ்சம் வாயு வந்தாலும் அது கத்தும். கத்தினால் எல்லோரும் வெளியே ஓட வேண்டும், அன்றைக்குரிய கரி குறையும், மேஸ்திரி திட்டுவான். ஒருநாள் யாரோ அதன் மேல் ஈரத் துண்டைச் சுற்றிவிட்டார்கள். பெட்டி வாயை மூடிக்கொண்டது. அந்த வாரமே மான்சுவின் அண்ணனைத் துணியில் சுற்றி மேலே கொண்டுவந்தார்கள்.

இதை மான்சு என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னான், அதுவும் குடித்திருந்தபோது. அழவில்லை. துண்டைச் சுற்றியது யார் என்று கடைசிவரை தெரியாமலே போய்விட்டது என்று மட்டும் சொன்னான். அண்ணனாகவே இருந்திருக்குமோ என்ற சந்தேகம் அவனுக்குள் இருந்தது என்று நினைக்கிறேன். சுரங்கத்துக்குள் இறங்க மாட்டேன் என்று ஊரைவிட்டு வந்து எலக்ட்ரிக் வேலை கற்றுக்கொண்டான்.

எங்கள் பட்டறையில் அவனுக்கு 'நிப்பாட்டி' என்று பட்டப்பெயர். அவன் கை பட்ட மிஷின் எதுவும் சந்தேகம் வந்தால் ஓடாது. சரக்குத் தூக்கியின் கதவில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு பொத்தான் இருக்கும். கதவு முழுசாக மூடி அந்தப் பொத்தான் அமுங்கினால்தான் தூக்கி நகரும். அவசரக்காரர்கள் அதில் தீக்குச்சியைச் செருகி ஏமாற்றுவார்கள். மான்சு ஒவ்வொரு முறையும் குச்சியைப் பிடுங்கி எறிவான், பிறகு வந்து ஊரே கேட்கத் திட்டுவான். பெயின்ட் உலர்த்தும் அடுப்புக்குள் இரண்டு விதமான கம்பிகளை முனையில் முறுக்கி விட்டிருப்பான். சூடு ஏற ஏற அந்த முனையில் தானாகவே துளி மின்சாரம் பிறக்கும், அதை வைத்து அடுப்பு தன் சூட்டைத் தெரிந்துகொள்ளும். அந்தக் கம்பி அறுந்துபோனால் அடுப்பு என்ன நினைக்கும் என்று என்னிடம் கேட்டான். குளிராக இருக்கிறது என்று நினைத்து எரிந்துகொண்டே இருக்கும், நான் வைத்திருக்கிற அடுப்பு மட்டும் பயந்து அணைந்துவிடும் என்று அவனே பதிலும் சொன்னான். ஏதோ பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுவது போலப் பேசுவான். நாங்கள் சிரிப்போம்.

அவன் வேலையின் சூத்திரமே அதுதான். எல்லாம் சரியாக இருக்கிறது என்று மின்சாரம் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நொடி அது சொல்லவில்லை என்றால், வயர் அறுந்தாலும் சரி, எலி கடித்தாலும் சரி, ரிலே என்கிற சின்னப் பெட்டி பிடியை விட்டுவிடும், மிஷின் நின்றுவிடும். சத்தம் வந்தால் ஆபத்து என்று வைக்கக் கூடாது, சத்தம் நின்றால் ஆபத்து என்று வைக்க வேண்டும் என்பான். அவன் அண்ணன் விஷயம் தெரிந்த பிறகுதான் அது எனக்குப் புரிந்தது.

ஜோங்ரே தெற்குக் கடலோரத்துக்காரி. குள்ளம். வாய் மட்டும் நீளம். அவள் மிஷினை மான்சு ஒருநாள் நிறுத்திவைத்ததற்காக அவனை வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

"உங்க மிஷினுக்கு ஈ உட்கார்ந்தாக்கூட மயக்கம் வந்துருமா?"

"ஈக்கு வராது. உங்க விரலுக்கு வரும்."

"என் விரல் மேல உங்களுக்கு என்ன அக்கறை?"

அவன் ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டே போனான். அடுத்த வசந்தத்தில் அவர்களுக்குக் கல்யாணம். யுன்மி பிறந்தாள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூங்கில் மாதிரி வளர்ந்தாள். பள்ளிக்கூடம் முடிக்கும்போது அப்பாவைவிட ஒரு தலை உயரம். இந்த உயரம் எங்கிருந்து வந்தது, பக்கத்து வீட்டுக்காரனைக் கேட்க வேண்டும் என்று பட்டறையில் ஆள் ஆளுக்குச் சீண்டுவார்கள். ஜோங்ரே கோபித்துக்கொள்ள மாட்டாள். மகளின் உயரம் அவளுக்கு அப்படி ஒரு பெருமை.

யுன்மி மேல்நிலைப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஜோங்ரேவின் பக்கத்தில் நின்று வேலை செய்த பெண் ஒருத்திக்குப் பழைய பிரஸ்ஸில் கை போயிற்று. ஜோங்ரேதான் அவளைத் தாங்கிப் பிடித்தாள். அதற்குப் பிறகு பெடலை மிதிக்கும்போதெல்லாம் ஜோங்ரேவின் கால் நடுங்கும். சோறு இறங்காது, வீட்டில் திடீரென்று விழித்துக்கொண்டு தன் விரல்களைத் தடவிப் பார்ப்பாள். வேலையை விட்டுவிடு என்று மான்சு சொல்லிப் பார்த்தான். விட்டால் யுன்மியின் படிப்புக்கு என்ன வழி என்று கேட்டாள்.

சிம் முதலாளிக்கும் பயம் வந்திருக்க வேண்டும். மூன்றாவது மிஷினைத் தூக்கிவிட்டு வேறொன்றை வாங்கிப் போட்டார். அதற்கு முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் மஞ்சள் கம்பங்கள் நின்றன. ஒரு கம்பத்திலிருந்து இன்னொன்றுக்கு வரிசையாக வெளிச்சக் கோடுகள் ஓடும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் கோடுகளில் ஒன்றைக் கை மறைத்தாலும், எதிர்க் கம்பம் வெளிச்சம் வரவில்லை என்று தெரிந்துகொள்ளும், ரிலே பிடியை விடும், இறங்கிக்கொண்டிருக்கிற இரும்பு பாதி வழியில் அப்படியே நின்றுவிடும். மான்சு அதைப் பொருத்திய அன்று நடந்த நடையைப் பார்க்க வேண்டும், மாப்பிள்ளை தோற்றான். இனி அவன் அவளுக்காகப் பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் ஜோங்ரேவுக்குக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தில் நம்பிக்கை வரவில்லை. புது மிஷினுக்குக் கோசா என்கிற படையல் வைத்தோம். பன்றித் தலை, சிவப்புப் பயறு தூவிய அரிசிப் பிட்டு, மக்கொல்லி என்கிற அரிசிக் கள், முதலாளியின் கும்பிடு எல்லாம் முறையாக நடந்தன. மிஷினில் கட்டுவதற்கான கருவாட்டை ஜோங்ரே தானே சோரே மீன் சந்தைக்குப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். முழு மீன், கண் பிதுங்காமல் திறந்திருக்க வேண்டும். கண் மூடாத மீன் கெட்டதைப் பார்த்துக்கொண்டே இருக்குமாம். அதன் உடம்பில் வெள்ளை நூலை வரிந்து வரிந்து சுற்றி, ஸ்டூல் போட்டு ஏறி, மிஷினின் மேல் சட்டத்தில் அவளே கட்டினாள். அடுத்த கோசா வரை அதில் யாரும் கை வைக்கக் கூடாது. முன்னே வேலை செய்த இடத்தில் எவனோ சுத்தம் செய்கிறேன் என்று அதை அவிழ்த்தான், பிறகு அவன் கதி என்னவாயிற்று என்று எங்களில் எல்லோருக்கும் ஒரு கதை தெரியும். நம்புகிறோமா என்றால் நம்பவில்லை என்போம். தொடுவாயா என்றால் தொட மாட்டோம்.

அன்றிலிருந்து ஜோங்ரேவின் கால் நடுங்குவது நின்றது. மத்தியானம் இரண்டாவது கிண்ணம் சோறு கேட்டாள். பழையபடி என்னோடு சண்டை போட்டாள். மான்சு தூரத்திலிருந்து அதைப் பார்த்துச் சிரித்துக்கொள்வான்.

இலையுதிர்காலத்தில் மூன்றாவது மிஷின் காரணமில்லாமல் நிற்க ஆரம்பித்தது. கை ஒன்றும் உள்ளே போகவில்லை, ஆனால் சிவப்பு விளக்கு எரியும், இரும்பு பாதியில் தொங்கும். முதலாளி கத்துவார். 'நிப்பாட்டி' என்று எல்லோரும் பழைய பாட்டைப் பாடுவார்கள். கெட்டது ஏதோ மிஷினைச் சுற்றுகிறது, இன்னொரு கருவாடு கட்டலாமா என்று ஜோங்ரே கேட்டாள். மான்சு கம்பங்களின் கண்ணாடியைத் துடைத்தான், வயர்களை ஒவ்வொன்றாக டெஸ்டரால் பார்த்தான், ரிலேயை மாற்றினான். ஒன்றும் பலிக்கவில்லை.

ஒருநாள் சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் போன பிறகு, ஜோங்ரேவும் போன பிறகு, அவன் மிஷினை வெறுமனே ஓடவிட்டு முன்னால் நின்றான். என் மிஷினில் எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்த என்னை மெதுவாகக் கூப்பிட்டு மேலே காட்டினான். மிஷினின் அதிர்வில் நூல் தளர்ந்து கருவாடு கீழே இறங்கியிருந்தது. மிஷின் குலுங்கும்போதெல்லாம் அதன் வால் முன்னால் ஆடி, மேல் வரிசை வெளிச்சத்தைத் தொட்டுவிட்டுப் போனது. சென்சார் தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. அதற்கு விரல் எது, வால் எது என்று தெரியாது.

அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினான். கையை நீட்டினான். நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றான்.

"அவ கட்டினது, அக்கா," என்றான். "இப்பத்தான் சோறு திங்கறா. இத அவுத்தேன்னு தெரிஞ்சா மறுபடியும் கால் நடுங்க ஆரம்பிச்சுரும். நடுங்கற காலோட பெடல மிதிக்கறதுதான் ஆபத்து."

"அவகிட்ட சொல்லிட்டு நூல இறுக்கிக் கட்டிரலாமே," என்றேன்.

"சொன்னா, மீனே மிஷின நிறுத்துதுன்னு நெனச்சுக்குவா. தான் கட்டினது சரியில்லன்னு குழம்புவா. வேணாம்."

கீழே இறங்கினான். கருவாட்டைத் தொடவில்லை. கம்பங்களின் போல்ட்டுகளைத் தளர்த்தி இரண்டையும் ஒரு சாண் கீழே இறக்கிப் பூட்டினான். வால் இப்போது வெளிச்சத்துக்கு மேலே, வெறும் காற்றில் ஆடியது. மிஷின் நிற்காமல் ஓடியது.

அவன் அலட்சியமாகச் செய்யவில்லை, அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஜோங்ரே சாப்பிட்டு வந்ததும், கண்ணாடியைச் சரி செய்தேன், சோதிக்க வேண்டும் என்று அவளை மிஷின் முன்னால் நிறுத்தினான். கையை இப்படி நீட்டு, அப்படி நீட்டு, குனிந்து எடு, எட்டி எடு என்று எல்லாப் பக்கமும் நீட்டச் சொன்னான். அவள் கை எந்தப் பக்கம் போனாலும் சிவப்பு விளக்கு எரிந்தது. நுனிக்காலில் நின்று எட்டச் சொன்னான், அப்போதும் எரிந்தது. திருப்தியோடு போனான். அந்த மிஷினில் அவள்தான் நிற்பாள், வேறு யாரும் நிற்பதில்லை. அவன் மனசில் இருந்ததும் அவள் ஒருத்தியின் கைதான்.

அந்த வருஷம் யுன்மி கல்லூரி நுழைவுத் தேர்வை எழுதி முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தாள். குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடும் காலம் வந்தது. ஜோங்ரேவின் அம்மா கீழே விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்ததால், முட்டைக்கோஸ் ஊறவைக்க ஜோங்ரே ஊருக்குப் போயே ஆக வேண்டும். சரக்கு அனுப்ப வேண்டிய நாளும் அப்போதுதான். அம்மாவுக்குப் பதிலாக நான் நிற்கிறேன், தெரிந்த வேலைதானே என்று யுன்மியே சொன்னாள். சிம் முதலாளி அவளை என் பக்கத்துப் பழைய மிஷினில் போடப் பார்த்தார். மான்சு எதிர்த்துப் பேசி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். என் மகள் நின்றால் மூன்றாவது மிஷினில்தான் நிற்பாள், வேறெதிலும் நிற்க மாட்டாள் என்று முதலாளியின் முகத்துக்கு நேராகச் சொன்னான்.

அது காலை வேளை. வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. தகடு ஒன்று அச்சின் பின்பக்கம் சிக்கிக்கொண்டது. ஜோங்ரேவாக இருந்தால் முன்பக்கமாகக் குனிந்து கையை விடுவாள். யுன்மிக்குக் குனிய வேண்டிய அவசியமே இல்லை. அவள் இருக்கும் உயரத்துக்கு, மேலிருந்து கையை வளைத்து எடுப்பதுதான் சுலபம். கம்பங்களுக்கு மேலாக, வெளிச்சத்துக்கு மேலாக, ஆடிக்கொண்டிருந்த வாலுக்குப் பக்கத்தில் அவள் கை உள்ளே போனது. கால் பெடலில் இருந்தது. சிவப்பு விளக்கு எரியவில்லை.

வலது கையில் மூன்று விரல்கள் போயின. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின.

மான்சு ஓடிவந்து அவளைத் தூக்கினான். தூக்கும்போது ஒரு தடவை மேலே பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்த நான் அன்று முழுக்க வேறு எதையும் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நான்தான் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். ஜோங்ரேவின் பஸ் இன்னும் வந்து சேரவில்லை. அதற்குள் முதலாளி வந்து, மிஷினில் ஒரு பழுதும் இல்லை, பிள்ளை தேவையில்லாமல் மேலே எட்டியிருக்கிறது, சின்ன வயசு, கவனம் பத்தாது என்று தலையைத் தடவிவிட்டுப் போனார். மயக்கம் தெளிந்த யுன்மியும் அதையேதான் சொன்னாள். என் தப்புத்தான், அம்மா மாதிரி குனிந்திருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மான்சு கதவை மூடிவிட்டு வந்து கட்டில் பக்கம் மண்டியிட்டான். பெற்ற மகள் முன்னால் எந்த அப்பனும் எங்கள் பக்கத்தில் அப்படி உட்கார மாட்டான். ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். கருவாடு இறங்கியதை, வால் ஆடியதை, மீனைத் தொட மனசு வராமல் கம்பத்தை இறக்கியதை, அம்மாவின் கையை மட்டும் வைத்து அளந்ததை எல்லாம் சொன்னான். உன் தப்பு ஒன்றும் இல்லை, நாளை லேபர் ஆபீஸில் இதையே சொல்லப்போகிறேன் என்றான்.

என்னை மன்னித்துவிடு என்று அவன் கேட்கவில்லை, அவளும் மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

"அப்பா," என்றாள். "மீனப் பத்தி அம்மாகிட்ட சொல்லாதீங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அம்மா கட்டினது. தெரிஞ்சா அவங்க உயிரோட இருக்க மாட்டாங்க. நீங்களா எறக்குனீங்கன்னு சொல்லிக்கங்க. வேற எதாச்சும் காரணம் சொல்லுங்க."

பிறகு என் பக்கம் திரும்பி, "பெரியம்மா, நீங்களும்தான்," என்றாள். அப்பொழுதுதான் அழுதாள். நானும் அழுதேன். அவன் மட்டும் அழவில்லை, சரி என்று தலையை ஆட்டினான். அந்த ஒரு தலையாட்டலுக்கு அவன் கொடுத்த விலை கொஞ்சமில்லை.

லேபர் ஆபீஸில், மிஷின் அடிக்கடி நின்றது, வேகமாக ஓடட்டும் என்று நானாகக் கம்பத்தை இறக்கினேன், யாரும் சொல்லவில்லை என்று கையெழுத்துப் போட்டான். ஜோங்ரேவிடமும் அதையே சொன்னான். முதலாளிக்குச் சந்தோஷம். தண்டனை என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை, வேலை மட்டும் போயிற்று. நிப்பாட்டி என்று சிரித்தவர்களே, கடைசியில் முதலாளியிடம் நல்ல பேர் வாங்க மகள் கையை விற்றுவிட்டான் என்று பேசினார்கள். தீக்குச்சியைப் பிடுங்கி எறிந்தவனைப் பற்றி, ஈரத் துண்டால் அண்ணனைப் பறிகொடுத்தவனைப் பற்றி அப்படிப் பேசினார்கள். எனக்கு வாய் அரிக்கும். யுன்மியின் முகம் நினைவுக்கு வரும், வாயை மூடிக்கொள்வேன்.

ஜோங்ரே அவனை விட்டுப் போகவில்லை. போயிருந்தால்கூடத் தேவலை. முன்பெல்லாம் அவனை 'யுன்மி அப்பா' என்று கூப்பிடுவாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அந்தப் பேரை அவள் வாயால் சொல்லவே இல்லை. கூப்பிட வேண்டியிருந்தால் 'எலக்ட்ரீஷியன்' என்பாள், பட்டறையில் அந்நிய ஆளைக் கூப்பிடுகிற மாதிரி. 'நீங்க' போய் 'நீ' வந்தது. அவனுக்குச் சோறு வைப்பாள், எதிரே உட்கார மாட்டாள்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அந்தக் கருவாட்டை அவள் பட்டறையிலிருந்து கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். எண்ணெய்க் கறை படிந்த நூலோடு வாசல் நிலைக்கு மேலே மாட்டிவைத்தாள். வருகிறவர்களிடமெல்லாம், "இந்த மீன் மட்டும் இல்லேன்னா முழுக் கையும் போயிருக்கும். இதுதான் என் பொண்ணோட கட்டைவிரலக் காப்பாத்திக் குடுத்துச்சு," என்பாள். மான்சு அந்த நிலையைத் தாண்டித்தான் தினமும் உள்ளே வந்தான், வெளியே போனான். ஒருமுறைகூட மேலே பார்த்து நான் கண்டதில்லை.

பிறகு அவன் அபார்ட்மென்ட்களில் தண்ணீர் மோட்டார் பார்த்தான், கார் நிறுத்துமிடங்களில் கம்பித் தடுப்பு பார்த்தான். எங்கே சென்சாரைக் கண்டாலும் கீழிருந்து பார்ப்பான், பக்கத்திலிருந்து பார்ப்பான், பிறகு கையை உயரத் தூக்கி மேலிருந்து ஒருமுறை விட்டுப் பார்ப்பான். அது அவனுக்கு வழக்கமாகிவிட்டது. தெரியாதவர்கள் அவனுக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று நினைத்தார்கள்.

யுன்மி இடது கையால் எழுதப் பழகினாள், கல்லூரி போனாள், கொஞ்ச காலம் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதினாள். பிறகு தன் சொந்த முயற்சியில், பள்ளிக்கூடத்துக்கு எதிரே நோட்டுப் புத்தகமும் ஜெராக்ஸுமாக ஒரு கடை பிடித்தாள். முன்பு அங்கே செல்போன் கடை இருந்ததால் தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவு அப்படியே இருந்தது. திறப்பு நாளன்று சின்னதாக ஒரு கோசா வைத்தோம். அரிசிப் பிட்டும் மக்கொல்லியும் போதும், பன்றித் தலை வேண்டாம் என்று யுன்மி சொல்லிவிட்டாள். ஆனால் ஜோங்ரே கருவாடு இல்லாமல் விடுவாளா? சோரே சந்தைக்குப் போய்க் கண் திறந்த மீனாகப் பொறுக்கி வந்திருந்தாள்.

வயசாகியும், கதவுக்கு மேலே கட்ட அவளே ஸ்டூல் போட்டு ஏறினாள். யுன்மி தன் இரண்டு விரல் கையாலும் நல்ல கையாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். மான்சு நூலை எடுத்துக் கொடுக்கப் போனான்.

"நீ தள்ளி நில்லு, எலக்ட்ரீஷியன். நல்ல காரியத்துல நீ கை வெக்காத," என்றாள் ஜோங்ரே.

அவன் தள்ளி நின்றான்.

அவள் கட்டிவிட்டு இறங்கினாள். கதவு திறந்தது. யாரும் வரவில்லை. மூடியது, மறுபடி திறந்தது. வெளியே காற்றுகூட இல்லை. கதவு மூடித் திறக்கிற அசைவில் கருவாடு மெதுவாக ஆட, கதவுக்கு மேலே இருந்த சின்னக் கறுப்புக் கண் அதன் வாலைப் பார்த்து யாரோ வருகிறார்கள் என்று கதவைத் திறந்துவிட்டுக்கொண்டே இருந்தது. நான் பார்த்தேன். யுன்மி பார்த்தாள். மான்சு எங்களுக்கு முன்பே பார்த்துவிட்டான்.

ஜோங்ரே கையைத் தட்டிச் சிரித்தாள். "ஆளே இல்லாம தெறக்குது பாருடி. பெரியவங்க யாரோ உள்ள வராங்க. கடை நல்லா ஓடும்," என்று வாசலைப் பார்த்துக் குனிந்து கும்பிட்டாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. ஆனால் பட்டறையில் வளர்ந்தவள் ஆயிற்றே, கதவு நிற்காமல் ஆடவும் அவளுக்கே சந்தேகம் வந்தது. மேலே பார்த்தாள். கதவைப் பார்த்தாள்.

"ஏன் இப்படி ஆகுது? எலக்ட்ரீஷியன்தானே, சொல்லு," என்றாள்.

வால் என்று அவன் சொன்னால் போதும். அவள் முட்டாள் இல்லை. ஒரு வாலுக்குக் கீழே மாதக்கணக்கில் நின்று வேலை பார்த்தவள். மிஷின் ஏன் நின்றது, கம்பம் ஏன் இறங்கியது எல்லாம் அந்த நொடியே அவளுக்கு விளங்கிவிடும். அவன் பேர் சுத்தமாகும். இத்தனை வருஷம் இழந்த பேச்சும் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற சோறும் அவனுக்குத் திரும்பிக் கிடைக்கும். யுன்மி அப்பாவைப் பார்த்தாள்.

மான்சு மேலே பார்த்தான். அவன் வாழ்நாளில் நல்ல சென்சாரைக் கெட்டது என்று சொன்னதில்லை.

"சென்சார் கெட்டுப்போச்சு," என்றான்.

"நீ பாத்த சென்சார் எது ஒழுங்கா இருந்திருக்கு?"

"எதுவும் இல்ல," என்றான்.

ஜோங்ரே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யுன்மி மக்கொல்லிக் குடுவையை எடுத்து, பெரியவர்களுக்கு ஊற்றுகிற முறைப்படி இரண்டு கையாலும் பிடித்து அப்பாவின் கிண்ணத்தில் ஊற்றினாள். இரண்டு விரல் பிடியில் கொஞ்சம் கீழே சிந்தியது. குடிங்க அப்பா என்றாள். பெரியவர்கள் முன்னால் சின்னவர்கள் குடிக்கிற மாதிரி அவன் திரும்பி நின்று குடித்தான்.

மறுநாள் காலையில் கடையைத் துடைக்க நான் சீக்கிரமே போனேன். ஜோங்ரே இன்னும் வரவில்லை. மான்சு ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தான். யுன்மி கீழே பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் நூலை அவிழ்த்து, கருவாட்டை ஒரு சாண் பக்கவாட்டில் தள்ளி, இறுக்கிக் கட்டினான். கதவு மூடியது, அப்படியே நின்றது. இறங்கி வந்து வெளியே நின்று கையை மேலிருந்து விட்டுப் பார்த்தான், திறந்தது. ஜோங்ரே வந்து பார்த்தாள், மீன் நகர்ந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. ஒரு கோப்பை தேநீர் ஆறுகிற நேரம்கூட அந்த வேலைக்கு ஆகவில்லை.